280 என்பது எத்தனை எழுத்து?

2017 நவம்பர் 7 அன்று ட்விட்டர் தன் பதிவுகளுக்கான நீள வரம்பை 140-இலிருந்து 280-ஆக உயர்த்தியது. உலகமெங்கும் பேசப்பட்ட அந்த அறிவிப்புக்குள் ஒரு விலக்கும் இருந்தது. ஜப்பானியம், சீனம், கொரியம் ஆகிய மூன்று மொழிகளில் எழுதுவோருக்குப் பழைய 140 அளவே தொடரும் என்றது நிறுவனம். அந்த மொழிகளில் ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடும் சேதி ஆங்கிலத்தில் ஏறத்தாழ இரண்டு எழுத்து கேட்கிறது என்பது அதன் வாதம். ஆங்கில ட்வீட்டுகளில் 9 சதவீதம் 140-ஐ முட்டி நின்றன, ஜப்பானியத்தில் 0.4 சதவீதம்தான். ஆங்கிலத்தில் அதிகம் காணப்பட்ட நீளம் 34 எழுத்து, ஜப்பானியத்தில் 15 என்றும் தன் கணக்கைக் காட்டியது.

தமிழ் அன்று ஆங்கிலத்தோடு சேர்ந்து 280 பக்கம் நின்றது. அந்த 280 தமிழுக்கு எத்தனை எழுத்து? நேரான கேள்விதான். பதில் அத்தனை நேரானதில்லை. நீள வரம்பு ஏறியது, இறங்கியது என்று பேசும்போது நாம் எண்ணைத்தான் பார்க்கிறோம். எண்ணுக்கு முன்னால் முடிவாகிவிடும் ஒன்று உண்டு: எதை ஒன்றென்று எண்ணுவது என்பது. கடந்த நாற்பது ஆண்டுகளில் வரம்பு மாறிய ஒவ்வொரு கட்டத்திலும் அந்த முடிவை எடுத்தவர்கள் வேறு, காரணங்கள் வேறு. தமிழ் போன்ற மொழிகளுக்கு அதன் விளைவும் வேறாகவே இருந்திருக்கிறது.

160 வந்த வழி

சமூக ஊடக வரம்புகளின் மூலம் சமூக ஊடகங்களுக்கும் முந்தையது. ஐரோப்பாவில் ஜிஎஸ்எம் என்ற செல்பேசித் தரம் உருவாகிக்கொண்டிருந்த 1980-களில், குரல் சாராத சேவைகளுக்கான குழுவில் பணியாற்றிய ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட் 1985-இல் பான் நகரத்தில் தன் தட்டச்சு இயந்திரத்தில் மனத்தில் தோன்றிய வாக்கியங்களையும் கேள்விகளையும் அடித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து, எண், இடைவெளி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை ஒன்றிரண்டு வரிகளில், 160-க்குள் முடிந்தன. அஞ்சலட்டைகளில் மக்கள் எழுதுவது பெரும்பாலும் 150 எழுத்தைத் தாண்டுவதில்லை என்பதும், டெலக்ஸ் செய்திகளின் நீளமும் அவருடைய கணக்குக்குத் துணை நின்றன.

மனிதருக்கு எவ்வளவு போதும் என்பது ஒரு பாதி. எவ்வளவு கிடைக்கும் என்பது மறு பாதி. குறுஞ்செய்திக்கென்று தனிப் பாதை போடப்படவில்லை. அழைப்பை இணைக்கவும், கைபேசி எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கிறது என்று அறியவும் வலையமைப்பு பயன்படுத்தும் சமிக்ஞைத் தடத்திலேயே அது ஒண்டிக்கொண்டது. அங்கே ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட், அதாவது 1,120 பிட். முதலில் 128 எழுத்துதான் அடங்கும் என்று தெரிந்தது. அது போதாது என்று தோன்றியபோது அவர்கள் செய்த காரியம் கவனிக்கத்தக்கது: பயன்படுத்தக்கூடிய எழுத்துகளின் பட்டியலைச் சுருக்கினார்கள். எழுத்துக்கு 7 பிட் என்று வைத்தால் 128 குறிகள்தான் பட்டியலில் இருக்க முடியும். 1,120-ஐ 7-ஆல் வகுத்தால் 160. ஆங்கில எழுத்துகள், எண்கள், சில ஐரோப்பிய மொழிகளின் சிறப்பெழுத்துகள், கிரேக்கத்தின் சில பெரிய எழுத்துகள் ஆகியவற்றோடு அந்தப் பட்டியல் நிரம்பிவிட்டது. 160 என்ற தாராளம், பிற எழுத்துமுறைகளை வெளியே நிறுத்தியதால் கிடைத்தது.

வெளியே நின்ற மொழிகளுக்குப் பிற்பாடு யூனிகோட் வழி திறக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு குறிக்கும் 16 பிட் வேண்டும். அதே 1,120 பிட்டை 16-ஆல் வகுத்தால் 70. ஒரே கம்பி, ஒரே கட்டணம். ஆங்கிலத்துக்கு 160, தமிழுக்கு 70. செய்தி நீண்டால் துண்டுகளாக உடைக்க வேண்டும். துண்டுகளை வரிசைப்படி ஒட்டுவதற்கான தகவலும் ஒவ்வொன்றிலும் இடம் பிடிக்கும் என்பதால் துண்டுக்கு ஆங்கிலத்தில் 153, தமிழில் 67 என்று குறையும். 160 குறிகள் கொண்ட ஆங்கிலச் செய்தி ஒரே எஸ்எம்எஸ். அதே 160 குறிகள் கொண்ட தமிழ்ச் செய்தி மூன்று எஸ்எம்எஸ். மொத்தமாகச் செய்தி அனுப்பும் வங்கியோ அரசுத் துறையோ தமிழில் அனுப்பினால் மூன்று மடங்கு செலவாகும். நமக்கு வரும் சேவைச் செய்திகள் ஆங்கிலத்தில் இருப்பதற்கு மொழிக்கொள்கை மட்டுமே காரணமில்லை. 1980-களின் வகுத்தல் கணக்கும் ஒரு காரணம்.

இதற்கு மாற்று வழி தரநிலையில் உண்டு. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கென்று 7 பிட் பட்டியல்கள் பின்னாளில் செல்பேசித் தரத்தில் சேர்க்கப்பட்டன. அந்தப் பட்டியலின்படி அனுப்பினால் ஒரு செய்தியில் சுமார் 150 தமிழ்க் குறிகள் அடங்கும். ஆனால் அனுப்பும் மென்பொருள், வலையமைப்பு, பெறும் கைபேசி மூன்றும் அதை அறிந்திருக்க வேண்டும். நடைமுறையில் மொத்தச் செய்திச் சேவைகளின் கட்டணக் கணக்கு இன்னும் 70-லேயே நிற்கிறது.

கம்பி போனது, வரம்பு நின்றது

2006 மார்ச் மாதத்தில் ட்விட்டர் பிறந்தபோது அது எஸ்எம்எஸ் மேல் ஏறி ஓடிய சேவை. கைபேசியிலிருந்து 40404 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பினால் பதிவு வெளியாகும். மற்றவர்களின் பதிவுகளும் எஸ்எம்எஸ்ஸாகவே வந்து சேரும். 160-இல் பயனர் பெயருக்கு 20 ஒதுக்கி, மீதி 140-ஐ எழுதுவதற்கு விட்டார்கள். அந்த 140 ஆங்கிலத்தின் 140 என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 140 குறிகள் கொண்ட தமிழ் ட்வீட் எந்தக் காலத்திலும் ஓர் எஸ்எம்எஸ்ஸுக்குள் அடங்கியிருக்காது.

சில ஆண்டுகளிலேயே பெரும்பாலோர் ட்விட்டரைத் திறன்பேசியிலும் கணினியிலும் படிக்கத் தொடங்கினார்கள். வரம்புக்கான பொறியியல் காரணம் போயிற்று. வரம்பு மட்டும் நின்றது. அதற்குள் அது அந்தத் தளத்தின் குணமாகவே மாறியிருந்தது. நெருக்கடியிலிருந்து பயனர்களே பல உத்திகளைக் கண்டெடுத்தார்கள். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா முன்மொழிந்த ஹேஷ்டேக், ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் ரீட்வீட், நீண்ட முகவரிகளைச் சுருக்கும் இணையச் சேவைகள் எல்லாம் இடப்பற்றாக்குறையோடு மல்லுக்கட்டியபோது வளர்ந்தவை. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது இடம், ஆட்களின் எண்ணிக்கை, தேவை, தொலைபேசி எண் என்று நான்கே தகவலோடு ஓடிய பதிவுகளுக்கு அந்தச் சுருக்கம் பொருந்தியது. தமிழில் ஒருவரிக் கிண்டலும் சட்டென்ற அவதானிப்பும் ஒரு தனி எழுத்துவகையாகத் திரண்டன. ஆனந்த விகடன் ‘வலைபாயுதே’ என்று பக்கம் ஒதுக்கி அவற்றை அச்சிலேற்றியது.

அடங்காததை அடக்க முயன்றவர்களும் இருந்தார்கள். ஒரே பேச்சைப் பல ட்வீட்டாக எண்ணிட்டுத் தொடுப்பது ஒரு வழி. 2017 டிசம்பரில் ட்விட்டரே இதை ‘த்ரெட்’ என்ற வசதியாக்கியது. எழுதியதைப் படம் பிடித்துப் படமாகப் போடுவது இன்னொரு வழி. 2016 ஜனவரியில் வரம்பு 10,000 ஆகப் போகிறது என்று செய்தி கசிந்து எதிர்ப்புக் கிளம்பியபோது, நிறுவனத் தலைவர் ஜாக் டோர்ஸியே தன் விளக்கத்தை எழுத்துப் படமாகத்தான் வெளியிட்டார். படத்துக்குள் இருக்கும் சொற்களை அன்று தேட முடியவில்லை, நகலெடுக்க முடியவில்லை. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைப் படிக்கவில்லை. சீனாவின் வெய்போவிலும் இதே கதை. 2009-இல் 140 எழுத்து வரம்போடு தொடங்கிய அந்தத் தளத்தில் நீண்ட கட்டுரைகளைப் படமாக்கிப் போடும் பழக்கம் தழைத்தது. 2016 தொடக்கத்தில் வெய்போ வரம்பை 2,000-ஆக உயர்த்தியது. ஆனாலும் பார்வைக்கு முதலில் வருவது 140 எழுத்துதான். மீதியைப் படிக்கத் தட்டித் திறக்க வேண்டும். இது போன்ற ஏற்பாடு வேறு பல தளங்களிலும் உண்டு.

ட்விட்டர் தன் வரம்பைத் தவணை முறையில் தளர்த்தியது. 2015-இல் தனிச்செய்திகளுக்கான 140 கட்டுப்பாட்டை நீக்கியது. 2016 செப்டம்பரில் இணைத்த படங்களையும் காணொளிகளையும், 2017 மார்ச்சில் மறுமொழியின் தொடக்கத்தில் வரும் பயனர் பெயர்களையும் கணக்கிலிருந்து எடுத்தது. 140 என்ற எண்ணைத் தொடாமலே அதற்குள் இடம் பெருகியது. வரம்பை மாற்ற எண்ணை மாற்ற வேண்டியதில்லை, எண்ணும் முறையை மாற்றினால் போதும் என்று அந்த நிறுவனத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

ஒரு வாக்கியம், நான்கு கணக்கு

எண்ணும் முறை என்ன செய்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் பார்க்கலாம். ‘சென்னையில் இன்று மழை பெய்கிறது.’ முற்றுப்புள்ளியை விட்டுவிடுவோம். தமிழ் படித்த குழந்தை எண்ணினால் 15 எழுத்து, நடுவே 3 இடைவெளி, ஆக 18.

கணினி இப்படி எண்ணுவதில்லை. யூனிகோடில் உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் தனித்தனிக் குறியெண் பெற்றவை. மற்ற உயிர்மெய்களுக்கும் புள்ளி வைத்த மெய்களுக்கும் தனி எண் கிடையாது. அடிப்படை எழுத்து ஒன்று, அதன்மேல் ஏறும் குறி ஒன்று என்று இரண்டிரண்டாகப் பதிவாகும். ‘செ’ இரண்டு, ‘ன்’ இரண்டு, ‘னை’ இரண்டு, ‘யி’ இரண்டு, ‘ல்’ இரண்டு. ஐந்தெழுத்துச் சொல்லான ‘சென்னையில்’ இயந்திரத்துக்குப் பத்து. முழு வாக்கியமும் இடைவெளிகளோடு 30.

எக்ஸ் என்று பெயர் மாறிவிட்ட ட்விட்டர் குறியெண்களைத்தான் எண்ணுகிறது. ஆகவே அங்கே நம் வாக்கியம் 280-இல் 30-ஐத் தின்கிறது. இதே சேதியை ஆங்கிலத்தில் இயல்பாக எழுதினாலும் இடைவெளி உட்பட 30 வருகிறது என்பது தற்செயல்தான். ஆனால் தமிழ் ஏன் ஆங்கிலத்தின் பக்கம் நிறுத்தப்பட்டது என்பது அதில் புரிந்துவிடுகிறது. சீனத்தில் இந்தச் சேதி ஆறே எழுத்து. 2017-க்குப் பிறகு சீன எழுத்து ஒவ்வொன்றும் இரண்டாக எண்ணப்படுவதால் அங்கே அது 12. அந்த மூன்று மொழிகளுக்கு வரம்பு 140 என்று சொல்லப்பட்டாலும், உள்ளே எல்லாருக்கும் வரம்பு 280-தான், எடைதான் வேறு. யூனிகோட் அட்டவணையில் 0 முதல் 4351 வரையுள்ள குறியெண்களுக்கு எடை 1. சில நிறுத்தக்குறிகள் நீங்கலாக அதற்கு மேலுள்ளவற்றுக்கு எடை 2. தமிழின் இடம் 4351-க்குக் கீழே இருப்பதால் எடை 1.

எஸ்எம்எஸ்ஸில் இதே தமிழ் வாக்கியம் 70-இல் 30; ஆங்கில வாக்கியம் 160-இல் 30. இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கும். தமிழ் வாக்கியம் 84 பைட், ஆங்கிலம் 30 பைட். ஆக நம் ஒரே வாக்கியம் மனிதருக்கு 18, எக்ஸுக்கு 30, எஸ்எம்எஸ் கட்டணத்துக்கு ஒரு செய்தியின் பாதிக்குச் சற்றுக் குறைவு, வட்டுக்கு 84.

எக்ஸ் எழுத்தை முழு எழுத்தாக எண்ணவே தெரியாத தளம் என்று சொல்லிவிட முடியாது. எமோஜி விஷயத்தில் அது கற்றுக்கொண்டது. தோல் நிறம் மாற்றிய எமோஜிகளும் பலர் சேர்ந்து நிற்கும் எமோஜிகளும் உள்ளே பல குறியெண்களால் ஆனவை. அவற்றைப் பயன்படுத்துவோருக்கு வரம்பு சீக்கிரம் தீர்ந்துபோனது. 2018 அக்டோபரில் ட்விட்டர் இதைச் சரிசெய்து, எந்த எமோஜியானாலும் இரண்டு என்று வைத்தது. தாய், தந்தை, மகள், மகன் நால்வரும் நிற்கும் குடும்ப எமோஜி ஏழு குறியெண்களால் ஆனது, கணக்கில் இரண்டு. நாம் ஒரே வடிவமாக எழுதும் ‘ஸ்ரீ’ நான்கு குறியெண்களால் ஆனது; கணக்கில் நான்கே. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை ஒன்றாக எண்ணலாம் என்ற நியாயம் எமோஜியோடு நின்றுவிட்டது.

இப்படிச் சொன்னதும் ஒரு பழைய வாதம் எழும்: குற்றம் யூனிகோடினுடையது, தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை என்பார்கள். அப்படி ஒரு குறிமுறை இருக்கிறது. டேஸ்16 என்ற பெயரில் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து அதையும் தரமாக ஏற்றது. ஆனால் அதன் குறியெண்கள் யூனிகோட் அட்டவணையில் தனிப்பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய, மிக மேலேயுள்ள பகுதியில் இருக்கின்றன. எக்ஸின் விதிப்படி அந்தப் பகுதிக்கு எடை 2. நம் வாக்கியத்தை அந்தக் குறிமுறையில் எழுதினால் 15 எழுத்துக்கு 30, இடைவெளிக்கு 3, ஆக 33. குறிமுறையை மாற்றியும் லாபமில்லை. தீர்வு எண்ணுபவரின் விதியில் இருக்கிறது.

அந்த விதியும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வாசிப்பவர் ஓர் எழுத்தாகக் காணும் குறித்தொகுதியை எப்படி அடையாளம் காண்பது என்று யூனிகோட் தரத்திலேயே வரையறை உண்டு. புளூஸ்கை என்ற சமூக ஊடகத் தளம் அதைத்தான் பின்பற்றுகிறது. அங்கே வரம்பு 300 எழுத்துத் தொகுதிகள். அதோடு 3,000 பைட்டைத் தாண்டக்கூடாது என்று இரண்டாவது வேலியும் உண்டு. ‘கி’ அங்கே ஒன்று, ‘க்’ ஒன்று. நம் வாக்கியம் 18. முந்நூறு தமிழ் எழுத்தும் இரண்டிரண்டு குறியெண்ணாக அமைந்தாலும் 1,800 பைட்தான்; இரண்டாவது வேலியும் தமிழைத் தடுப்பதில்லை. எண்ணில் 280-க்கும் 300-க்கும் வித்தியாசம் 20. தமிழில் எழுதுபவருக்கோ நம் வாக்கியத்தைப் போன்றவை, இடையே ஓர் இடைவெளி விட்டு எழுதினால், எக்ஸில் 9 அடங்கும், புளூஸ்கையில் 15 அடங்கும்.

இரட்டிப்பானபின்

280 வந்தால் ட்விட்டர் வளவளவென்று ஆகிவிடும் என்று அஞ்சினார்கள். ஓராண்டு கழித்து 2018 அக்டோபரில் நிறுவனம் வெளியிட்ட கணக்கு வேறு மாதிரி இருந்தது. 280-ஐ முட்டிய ட்வீட்டுகள் 1 சதவீதமே. ஆங்கிலத்தில் 140-ஐத் தாண்டியவை 12 சதவீதம். 190-ஐத் தாண்டியவை 5 சதவீதம். அதிகம் காணப்பட்ட நீளம் 34-லிருந்து 33-ஆக ஓர் எழுத்து குறைந்துகூடப் போயிருந்தது. இடம் கிடைத்ததும் மரியாதைச் சொற்கள் திரும்பின: ஆங்கிலத்தில் ‘பிளீஸ்’ 54 சதவீதமும் ‘தேங்க் யூ’ 22 சதவீதமும் கூடின. ‘கிரேட்’ என்பதை இரண்டு எழுத்தோடு 8 என்ற எண்ணைச் சேர்த்து எழுதும் குறுக்கம் 36 சதவீதம் குறைந்தது.

இவை நிறுவனம் தானே சொன்ன கணக்கு. கல்விப்புலத்தார் தனியே ஆராய்ந்தார்கள். நெதர்லாந்தில் ஆர்னவுட் பூட்டும் உடன் ஆய்வாளர்களும் டச்சு ட்வீட்டுகளை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். சுருக்கெழுத்துகளும் குறிகளும் குறைந்து, சொற்களை இணைக்கும் இடைச்சொற்கள் கூடியிருந்தன. மனிதர்கள் புதிதாக எதையும் சொல்லத் தொடங்கிவிடவில்லை. சொல்லிக்கொண்டிருந்ததை முழு வாக்கியமாகச் சொன்னார்கள்.

அரசியல் பேச்சில் என்ன ஆயிற்று? கோகில் ஜைட்காவும் இரு சக ஆய்வாளர்களும் 2017 ஜனவரி முதல் 2018 மார்ச் வரை அமெரிக்க அரசியல்வாதிகளுக்கு வந்த 3,58,242 மறுமொழிகளை ஆராய்ந்தார்கள். வரம்பு இரட்டித்தபின் வசைத்தன்மை குறைந்தது, பணிவும் ஆக்கபூர்வமான விவாதமும் கூடின. கூடவே பிறர்நிலை உணரும் தன்மையும் மதிப்பும் சரிந்துவந்ததையும் கண்டார்கள். சொல்லில் பணிவு ஏறுவதும் மனத்தில் மதிப்பு ஏறுவதும் ஒன்றல்ல என்று அந்த ஆய்வு காட்டியதாகக் கொள்ளலாம். நீளத்தைக் கூட்டினால் பேச்சு பண்படும் என்றோ, குறைத்தால் கூர்மையாகும் என்றோ ஒற்றைச் சூத்திரம் எழுத முடியாது.

கிறிஸ்டினா கிளிகோரிச், ஆஷ்டன் ஆண்டர்சன், ராபர்ட் வெஸ்ட் ஆகியோர் செய்த சோதனை இன்னும் நுட்பமானது. ஒரே செய்தியைப் பொருள் மாறாமல் வெவ்வேறு அளவுக்குச் சுருக்கி, எது வாசகரிடம் எடுபடும் என்று மதிப்பிடச் செய்தார்கள். முப்பது நாற்பது சதவீதம்வரை சுருக்கியவை மூலத்தைவிட நன்றாக எடுபட்டன. பத்து முதல் இருபது சதவீதச் சுருக்கத்தில் பலன் உச்சத்தில் இருந்தது. அதற்குமேல் வெட்ட வெட்டப் பலன் தேய்ந்தது. பத்திரிகை உதவி ஆசிரியர்கள் அனுபவத்தால் அறிந்த அளவுதான் இது. செதுக்குவது நல்லது, ஆனால் செய்திக்குச் செய்தி அளவு மாறும். வரம்பு அப்படி மாறாது. அது எல்லாரையும் ஒரே இடத்தில் வெட்டச் சொல்கிறது.

நீளம் விலைக்கு வந்தது

ஃபேஸ்புக்கின் பாதை வேறு. தொடக்கத்தில் 160 எழுத்து, 2009-இல் 420, 2011-இல் முதலில் 500, பிறகு 5,000, அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் 63,206. இந்த விசித்திர எண்ணுக்கு அதை வைத்த பொறியாளரே விளக்கம் சொன்னார். பதினாறடிமான எண்முறையில் எஃப், ஏ, சி, இ ஆகியவையும் இலக்கங்கள். ‘ஃபேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை எண்ணாகப் படித்தால் 64,206. ‘புக்’ என்பதன் கடைசி எழுத்தான ‘கே’யை ஆயிரமாகக் கொண்டு கழித்தால் 63,206. எழுதுபவரின் தேவையோ கம்பியின் கொள்ளளவோ அங்கே பேசவில்லை. ஒரு பொறியாளரின் விளையாட்டுப் புத்தி பேசியது. ஒரு சிறுகதை, சில நேரம் இரண்டு சிறுகதை அடங்கும் அந்த இடம், கட்டுரையும் தொடரும் எழுத விரும்பிய தமிழர்களை ட்விட்டரிலிருந்து பிரித்து ஃபேஸ்புக்கில் குடியமர்த்தியதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும்.

2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபின் நீளம் கடைச் சரக்காயிற்று. 2023 பிப்ரவரியில் அமெரிக்கச் சந்தாதாரர்களுக்கு 4,000, ஏப்ரலில் 10,000, ஜூனில் 25,000 என்று வரம்பு ஏறியது. சந்தா கட்டாதவருக்கு 280-தான். அந்தப் பிப்ரவரியில் இந்தியாவில் சந்தா அறிமுகமானபோது இணையம் வழியாக மாதம் 650 ரூபாய், கைபேசிச் செயலி வழியாக 900 ரூபாய். முன்பு கம்பி போட்ட எல்லை, பிறகு பழக்கம் காத்த எல்லை, இப்போது கட்டணம் பிரிக்கும் எல்லை. பிரபலமானவருக்கும் சாமானியருக்கும் ஒரே அளவு இடம் என்பது பழைய 140-இன் சொல்லப்படாத சமத்துவமாக இருந்தது, அது போயிற்று.

ஆனால் 25,000 வாங்கியவரின் பதிவும் ஓடையில் முழுதாகத் தெரிவதில்லை. முதல் 280 வரைதான் கண்ணில் படும். அதற்குக் கீழே மேலும் காட்டு என்ற பொத்தான் நிற்கும். மெட்டாவின் த்ரெட்ஸ் 2023 ஜூலையில் 500 எழுத்தோடு வந்தது. 2025 செப்டம்பரில் 10,000 எழுத்துவரை நீளும் உரையைப் பதிவோடு இணைக்கும் வசதியைச் சேர்த்தது. அங்கும் நீளுரை தட்டித் திறக்கும் இணைப்பாகத்தான் இருக்கிறது. வெய்போ 2016-இல் செய்ததைப் போன்ற ஏற்பாடுதான் எல்லாம்.

இந்த மடிப்பு சின்ன விஷயம் போலத் தோன்றினாலும், வரம்பின் வரலாற்றில் இதுதான் பெரிய திருப்பம் என்று எனக்குப் படுகிறது. பழைய வரம்பில் வெட்டும் வேலை எழுதுபவருடையது. எதை விடலாம், எதை முன்னால் வைக்கலாம் என்று யோசித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்த முடியும். புதிய ஏற்பாட்டில் எழுதுபவர் வெட்ட வேண்டாம். தளம் தன் கணக்குப்படி வெட்டி முதல் துண்டைக் காட்டும். படிப்பதா விடுவதா என்ற உழைப்பு வாசகருக்குப் போய்ச் சேருகிறது. எழுதுபவரோ முதல் துண்டை எப்படியாவது தட்டவைக்கும்படி சமைக்கக் கற்றுக்கொள்கிறார். முடிவைத் தள்ளிவைத்துக் கொக்கி போடும் முதல் வரிகள் இன்று எல்லாத் தளங்களிலும் பெருகியிருப்பதற்கு இந்த மடிப்பு தரும் ஊக்கமும் காரணம்.

சிறிய பெட்டிகள்

வரம்புகள் இவ்வளவு உயர்ந்தபின் எழுத்துக் கணக்கு பற்றிப் பேசுவது பழைய பாக்கியைக் கிளறுவதல்லவா என்று கேட்கலாம். 25,000 குறியெண்ணில் தமிழுக்கு எத்தனை எழுத்து என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் நாம் அன்றாடம் புழங்கும் மின்வெளி பெரிய பெட்டிகளால் ஆனதன்று. கைபேசி மேல் விளிம்பில் வந்து மறையும் அறிவிப்பு, கடவுச்சொல் அனுப்பும் எஸ்எம்எஸ், விண்ணப்பப் படிவத்தில் பெயரும் முகவரியும் எழுதும் கட்டம், செயலியில் ஒரு வரி அறிமுகம், மடிப்புக்கு மேலே தெரியும் அந்த முதல் துண்டு: எல்லாம் சிறிய பெட்டிகள். அங்கே ஒவ்வோர் எழுத்துக்கும் இடச்சண்டை உண்டு.

அங்கே தப்பாக எண்ணினால் நஷ்டம் இடத்தோடு நிற்காது. மென்பொருள் எழுத்தறியாமல் குறியெண் கணக்கில் வெட்டினால், எழுத்தின் உடல் ஒரு பக்கமும் அதன்மேல் ஏறிய குறி மறுபக்கமும் போகும். ‘நூல்’ என்பதன் கடைசிக் குறியெண் புள்ளி. அது வெட்டுப்பட்டால் மிஞ்சுவது ‘நூல’. ‘கொடி’யின் முதல் குறியெண்ணோடு வெட்டு விழுந்தால் ‘க’ மட்டும் நிற்கும். பைட் கணக்கில் வெட்டினால் ஒரு குறியெண்ணின் மூன்று பைட்டுமே பிரிந்துபோய், அந்த இடத்தில் கேள்விக்குறி பொதிந்த சாய்சதுரம் தோன்றும். படிவத்தில் பெயர் இப்படி வெட்டுப்பட்டால் அது ஓர் ஆவணப் பிழை. ஆங்கிலத்தில் எங்கே வெட்டினாலும் எழுத்து முழுதாகவே மிஞ்சும் என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கும் நிரலாளர் கண்ணில் இது படவே படாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது எண்ணை உயர்த்து என்பதன்று. வரம்பு வைக்கும் யாரும், அது எக்ஸோ, வங்கிச் செயலியோ, அரசு இணையதளமோ, எந்த அலகில் எண்ணுகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வாசிப்பவர் ஓர் எழுத்தாகக் காண்பதை ஒன்றாக எண்ணி, சேமிப்புக்குத் தனியாகப் பைட் உச்சவரம்பு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இயங்கக்கூடியது என்று புளூஸ்கை காட்டிவிட்டது. ஹில்லபிராண்டின் குழு எண்ணியபோது கம்பியில் இடமில்லை. எந்த எழுத்துகளை விடுவது என்ற கேள்வி அவர்களுக்குத் தவிர்க்க முடியாததாக இருந்தது. இன்று எழுத்துகளைச் சரியாக எண்ண நிரலில் சில வரிகள் போதும். தமிழ்நாட்டிலேயே எழுதப்படும் செயலிகளும் அரசுத் தளங்களும் அந்தச் சில வரிகளை முதலில் எழுதிவிட்டால், வெளியூர்த் தளங்களிடம் கேட்கும்போது நம் குரலுக்கும் கனம் இருக்கும்.